குவார்ட்டர்பேக்குக்குக் காசு கொடுப்பதா, டிரேட் பண்ணுவதா? 2018-ல் வந்த ஐந்து பேரை வைத்து ஒரு கணக்கு

2023 மார்ச் 27, திங்கட்கிழமை. அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்லில் ஆடும் பால்டிமோர் ரேவன்ஸின் அப்போதைய பயிற்சியாளர் ஜான் ஹார்பா ஃபீனிக்ஸில் நடந்த லீக் கூட்டத்தில் நிருபர்கள் முன்னால் உட்காருகிற நேரம் பார்த்து, அணியின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர்) லமார் ஜாக்சன் ட்விட்டரில் போட்டுவிட்டார்: தன்னை வேறு அணிக்கு டிரேட் பண்ணச் சொல்லி மார்ச் 2-ம் தேதியே அணியிடம் கேட்டாயிற்று என்று. நான் மேரிலாந்தில் இருக்கிறேன், பால்டிமோர் ஸ்டேடியம் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரம். அன்றைக்கு மதியம் சாப்பாடு இறங்கவில்லை. சாயங்காலம் நண்பர் ஒருவர் போன் பண்ணினார், திருநெல்வேலிக்காரர், இங்கே வந்து இருபது வருடம் ஆகிறது, என்னைவிடப் பழைய ரேவன்ஸ் ரசிகர். "விட்டுத் தள்ளுங்க. ரெண்டு வருஷமா டிசம்பர் வந்தா ஆளைக் காணோம். இவருக்கு எதுக்கு வருஷத்துக்கு அம்பது மில்லியன்? ரெண்டு முதல் சுற்று பிக் வாங்கிட்டு அனுப்பிட்டுப் போக வேண்டியதுதானே" என்றார். பிக் என்றால் டிராஃப்டில், அதாவது அணிகள் ஆண்டுதோறும் கல்லூரி வீரர்களை முறைவைத்து எடுக்கும் தேர்வில், ஒருவரை எடுக்கும் உரிமை.

அவர் சொன்னதில் பாதி உண்மை. 2021 கடைசியில் கணுக்கால், 2022 கடைசியில் முழங்கால், இரண்டு ஆண்டுமே லமார் சீசனை முடிக்கவில்லை. ஆனாலும் அனுப்பக்கூடாது என்றுதான் எனக்கு அப்போதும் தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது. ஏன் என்று விளக்க வெறும் பாசம் போதாது, அதனால் மற்ற அணிகள் இதே இடத்தில் என்ன செய்தன என்று பார்க்கலாம். அதற்கு 2018 டிராஃப்டைவிட நல்ல இடம் கிடையாது. அந்த ஒரே ஆண்டில் முதல் சுற்றில் ஐந்து குவார்ட்டர்பேக்குகள் போனார்கள்: பேக்கர் மேஃபீல்ட் முதல் ஆளாகக் கிளீவ்லாண்டுக்கு, சாம் டார்னால்ட் மூன்றாவதாக நியூயார்க் ஜெட்ஸுக்கு, ஜாஷ் ஆலன் ஏழாவதாகப் பஃபலோவுக்கு, ஜாஷ் ரோசன் பத்தாவதாக அரிசோனாவுக்கு, சுற்றின் கடைசி ஆளாக, 32-வதாக, லமார் பால்டிமோருக்கு. ஒரே வயதுக் கூட்டம், ஒரே ஒப்பந்த விதிகள், ஐந்து அணிகளும் எடுத்த முடிவு ஐந்து விதம்.

முதலில் பணம் எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிடுவோம், இது புரியாமல் பேசினால் விவாதம் எங்கும் போகாது. என்எஃப்எல்லில் எல்லா அணிக்கும் ஒரே சம்பள உச்சவரம்பு, 2023-ல் அது 22.48 கோடி டாலர். முதலாளி எவ்வளவு பெரிய பணக்காரராக இருந்தாலும் அதைத் தாண்ட முடியாது, குவார்ட்டர்பேக்குக்குக் கூடுதலாகக் கொடுக்கிற ஒவ்வொரு டாலரும் வேறு ஒருவருடைய சம்பளத்திலிருந்து வருகிறது. டிராஃப்டில் முதல் சுற்றில் வந்தவருக்கு நான்கு ஆண்டு மலிவான ஒப்பந்தம், ஐந்தாவது ஆண்டை அணி விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம். மூன்று சீசன் முடிந்ததும் புது ஒப்பந்தம் பேசலாம், மண்டையிடி அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இதில் கையெழுத்து போனஸ் என்று ஒன்று இருக்கிறது. வீரருக்கு அது சீக்கிரமே கைக்கு வந்துவிடும், ஆனால் அணியின் கணக்கில் அதிகபட்சம் ஐந்து ஆண்டுக்குச் சமமாகப் பிரித்து எழுதலாம். லமார் கடைசியில் வாங்கியது 7.25 கோடி போனஸ், ஆண்டுக்கு 1.45 கோடி என்று எழுதினார்கள். நடுவில் டிரேட் பண்ணினால் இன்னும் எழுதாமல் பாக்கி நிற்கிற போனஸ் மொத்தமும் நம் தலையில் விழும், ஆள் வேறு ஊரில் விளையாடிக்கொண்டிருப்பார், அவர் பெயர் நம் செலவுப் பக்கத்தில் இருக்கும். டெட் மணி என்கிறார்கள், செத்த பணம். அதனால் அனுப்புவதாக இருந்தால் பெரிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அனுப்ப வேண்டும், போட்ட பிறகு அனுப்புவது இரண்டு மடங்கு வலி.

சரி, ஐந்து பேருக்கு வருவோம். ரோசன் கதை சின்னது. அரிசோனா ஒரே வருடம் பார்த்தது, அடுத்த டிராஃப்டில் முதல் இடம் கையில் இருந்தது, கைலர் மரேயை எடுத்துக்கொண்டு ரோசனை மயாமிக்கு அனுப்பியது. பத்தாவது இடம் கொடுத்து எடுத்தவருக்கு 62-வது இடமும் அடுத்த ஆண்டின் ஒரு ஐந்தாவது சுற்று பிக்கும்தான் கிடைத்தது. அவமானமான விலைதான், ஆனால் தப்பு என்று தெரிந்ததும் ஒரு நாள் கூடச் சுமக்காமல் இறக்கி வைத்தார்கள், அந்தத் தைரியத்தை நான் மதிக்கிறேன்.

பஃபலோ செய்தது நேர் எதிர். ஆலனுக்கு மூன்று சீசன்தான் முடிந்திருந்தது. 2021 ஆகஸ்டில் ஆறு ஆண்டு, 25.8 கோடி, அதில் 15 கோடிக்கு உத்தரவாதம். ஆண்டுக்கு 4.3 கோடி என்பது அன்றைக்குப் பெரிய தொகை. ஆனால் உச்சவரம்பு 2021-ல் 18.25 கோடியாக இருந்தது 2025-ல் 27.92 கோடி ஆகிவிட்டது, அதாவது அன்று விலை அதிகம் என்று தோன்றியது நான்கு வருடத்தில் சல்லிசாகிவிட்டது. இதைத்தான் என் நண்பரைப் போன்றவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. ஐம்பது மில்லியன் (ஐந்து கோடி) என்ற எண்ணைத் தனியாகப் பார்த்தால் தலை சுற்றும், உச்சவரம்பில் அது எத்தனை பங்கு என்று பார்க்க வேண்டும்.

பஃபலோவுக்கு இதனால் வலியே இல்லையா என்றால் இருந்தது. 2024 வசந்தத்தில் பாதுகாப்பு வரிசையில் பல வருடம் நின்ற மைக்கா ஹைட், ஜோர்டன் பாயர், கார்னர்பேக் ட்ரெடேவியஸ் வைட் எல்லாரும் போனார்கள். ரிசீவர் (எறிகிற பந்தைப் பிடிப்பவர்) ஸ்டெஃபான் டிக்ஸை ஹூஸ்டனுக்கு டிரேட் பண்ணியதில் மட்டும் 3.1 கோடி செத்த பணம். பேர் சொல்லும்படி ஒரு ரிசீவர் கூட மிச்சமில்லை, இந்த ஆண்டு அவ்வளவுதான் என்று நானே நினைத்தேன். அந்த சீசனில் பஃபலோ 13-4 (13 வெற்றி, 4 தோல்வி), ஆலனுக்கு எம்விபி, அதாவது ஆண்டின் மிகச் சிறந்த வீரர் விருது. சுற்றி இருப்பவர்கள் மாறிக்கொண்டே இருந்தாலும் ஒருவர் அணியைத் தூக்கி நிறுத்துகிறார் என்றால் அவருக்குக் கொடுக்கிற காசு எங்கும் போகவில்லை என்று அர்த்தம். 2025 மார்ச்சில் மறுபடி கூப்பிட்டு ஆறு ஆண்டு, 33 கோடி என்று புதிதாக எழுதிக் கொடுத்தார்கள், பழைய ஒப்பந்தத்தில் இன்னும் பல வருடம் பாக்கி இருக்கும்போதே.

இப்போது கிளீவ்லாண்ட். இதைப் பற்றிப் பேசினால் எனக்கு இன்னும் கோபம் வரும், அவர்கள் எங்கள் டிவிஷன் எதிரிகளாக இருந்தும். 2020 சீசனில் மேஃபீல்ட் அந்த அணியை 11-5 கொண்டுபோய், பிட்ஸ்பர்க்கில் போய் 48-37 என்று ஜெயித்துக் காட்டினார், 1994 சீசனுக்குப் பிறகு கிளீவ்லாண்ட் பிரவுன்ஸின் முதல் பிளேஆஃப் (நாக்அவுட் சுற்று) வெற்றி. அடுத்த ஆண்டு இரண்டாவது வாரமே இடது தோள் கிழிந்தது. அந்தத் தோளோடு ஆடினார், மோசமாக ஆடினார், எல்லாரும் பார்த்தோம். அணி முன்னால் இரண்டு வழி இருந்தது: தோள் சரியாகி வரட்டும் என்று ஐந்தாவது ஆண்டான 1.89 கோடியில் ஒரு சீசன் பார்ப்பது, அல்லது விலை இருக்கும்போதே நிதானமாக டிரேட் பண்ணுவது. அவர்கள் இரண்டையும் செய்யவில்லை. 2022 மார்ச்சில் ஹூஸ்டனின் குவார்ட்டர்பேக் டெஷான் வாட்சனைத் தேடிப் போனார்கள், இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் பாலியல் புகார் சொல்லி வழக்குப் போட்டிருந்த ஒருவரை. மூன்று முதல் சுற்று பிக், அதற்கு மேல் இன்னும் சில பிக், கூடவே ஐந்து ஆண்டுக்கு 23 கோடி, அத்தனையும் முழு உத்தரவாதம்.

வாட்சன் 11 ஆட்டம் தடையில் உட்கார்ந்தார். அப்புறம் தோள், அப்புறம் குதிகால் தசைநாண். மூன்று சீசனில் மொத்தம் 19 ஆட்டம். வேறு ஒருவர் வருகிறார் என்று ஊருக்கே தெரிந்த பிறகு மேஃபீல்டுக்கு என்ன விலை கிடைக்கும்? 2022 ஜூலையில் கரோலைனாவிடமிருந்து நிபந்தனையோடு ஒரு ஐந்தாவது சுற்று பிக், அதுவும் சம்பளத்தில் பாதிக்கு மேல் கிளீவ்லாண்டே கட்டிக்கொண்டு. மேஃபீல்ட் அங்கிருந்தும் கழற்றிவிடப்பட்டு, ஒரு செவ்வாய்க்கிழமை ராம்ஸில் சேர்ந்து, வியாழக்கிழமை இரவு ஆட்டத் திட்டப் புத்தகம் கூடச் சரியாகப் படிக்காமல் இறங்கி 98 யார்டு ஓட்டிக்கொண்டு போய் ரெய்டர்ஸை 17-16 என்று தோற்கடித்தார். பிறகு டாம்பாவில் நிலைத்தார், 2024-ல் மூன்று ஆண்டு, 10 கோடி, அந்த சீசனில் 41 டச்டவுன் பாஸ் (எல்லை தாண்டிப் புள்ளி தரும் எறிதல்). கிளீவ்லாண்ட் கொடுத்த பிக் ஒன்றை வைத்து மேலே ஏறித்தான் ஹூஸ்டன் வில் ஆண்டர்சனை எடுத்தது. 2024 ஜனவரியில் அதே ஹூஸ்டன் கிளீவ்லாண்டை 45-14 என்று பிளேஆஃபிலிருந்து வீட்டுக்கு அனுப்பியது. கொடுப்பதும் தப்பாகலாம், அனுப்புவதும் தப்பாகலாம், ஆனால் சொந்த ஆளின் விலையைத் தானே கெடுத்துவிட்டு அடுத்த வீட்டு ஆளுக்கு இரண்டு மடங்கு கொடுப்பதைவிட மோசமான வழி எனக்குத் தெரியவில்லை.

அந்த 23 கோடி முழு உத்தரவாதம்தான் பால்டிமோரில் வந்து இடித்தது. லமாருக்கு ஏஜென்ட் கிடையாது, அம்மாவை ஆலோசகராக வைத்துக்கொண்டு தானே பேசுகிறவர். எம்விபி வாங்காத வாட்சனுக்கு அப்படிக் கொடுத்தபோது, 2019-ல் ஒரு ஓட்டு மிச்சமில்லாமல் எம்விபி வாங்கிய தனக்கு ஏன் கிடையாது என்று அவர் நினைத்தால் அதை நான் பேராசை என்று சொல்ல மாட்டேன். அணி பக்கமும் நியாயம் உண்டு: பின்னால் கொடுக்கப்போகும் உத்தரவாதத் தொகையில் பெரும்பகுதியை முதலாளி முன்கூட்டியே தனியாக எடுத்து வைக்க வேண்டும் என்பது லீக் விதி, அதனால்தான் முழு உத்தரவாதம் என்றால் எல்லா முதலாளிகளும் பின்வாங்குகிறார்கள். 2022 செப்டம்பரில் பேச்சு நின்றது. 2023 மார்ச்சில் அணி அவர் மேல் ஃபிரான்சைஸ் டேக் போட்டது, ஒப்பந்தம் முடிந்தவரைப் பிடித்து வைக்கும் வழி அது, ஓர் ஆண்டுக்கு 3.24 கோடி. அதிலும் தளர்வான வகை: வேறு எந்த அணியும் வந்து விலை சொல்லலாம், பால்டிமோர் ஈடு கொடுக்காவிட்டால் இரண்டு முதல் சுற்று பிக்கோடு ஆளை விட்டுவிடும்.

ஓர் அணி கூட விலை சொல்ல வரவில்லை. 26 வயது, எம்விபி, இரண்டே பிக், ஒருவரும் வரவில்லை. அது ஏன் என்று இன்றைக்கும் பேசலாம், ஆனால் நம் விவாதத்துக்கு அதிலிருந்து ஒரு விஷயம் கிடைக்கிறது: டிரேட் பண்ணலாம் என்று நாம் வாயால் சொல்கிற விலை, சந்தையில் அன்றைக்குக் கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

ஏப்ரல் 17-ல் ஃபிலடெல்ஃபியா தன் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸுக்கு 25.5 கோடி கொடுத்தது. பத்து நாள் கழித்து, டிராஃப்ட் அன்று, லமார் ஐந்து ஆண்டு, 26 கோடி, 18.5 கோடி உத்தரவாதம் என்று சம்மதித்தார். ஆண்டுக்கு 5.2 கோடி, பஃபலோ இரண்டு வருடம் முன்னால் ஆலனுக்குப் பேசியதைவிட ஆண்டுக்கு 90 லட்சம் டாலர் கூடுதல். தாமதத்துக்குக் கட்டிய வட்டி அது. அந்த இரண்டு வருட மனக்கசப்பும் முறையான பிளேஆஃப் ஓட்டம் இல்லாமல் போன சீசன்களும் எந்தக் கணக்கிலும் எழுதப்படவில்லை. ஒரு நல்லது, முதல் ஆண்டில் உச்சவரம்பில் அவர் பிடித்த இடம் 2.2 கோடிதான், டேக்கில் விட்டிருந்தால் 3.24 கோடி. பின்னால் 2026-லும் 2027-லும் ஆண்டுக்கு 7.45 கோடி என்று எழுதியிருந்ததுதான் அதன் விலை. காசு வாங்கிய முதல் ஆண்டு 13-4, இரண்டாவது எம்விபி. அடுத்த ஆண்டு 41 டச்டவுன், நாலே நாலு இன்டர்செப்ஷன் (எதிரணி பறித்துக்கொண்ட பந்து). 2025 காயங்களோடு 8-9 என்று முடிந்தது, அதையும் மறைக்கவில்லை.

ஐந்தாவது ஆள் டார்னால்ட். மூன்று வருடம் ஜெட்ஸில் உருப்படியான தடுப்பு வரிசை இல்லாமல் ஆடினார். 2021 ஏப்ரலில் கரோலைனாவுக்கு அனுப்பி ஓர் இரண்டாவது சுற்று, ஒரு நான்காவது, ஓர் ஆறாவது சுற்று பிக் வாங்கினார்கள். அன்றைக்கு எல்லாரும் கைதட்டிய டிரேட், நானும்தான். ஆனால் அவர் இடத்தில் யார்? ஜாக் வில்சன், இரண்டாவது இடத்தில் எடுத்தார்கள், அவரும் அதே மண்ணில் காய்ந்தார். பிறகு ஆரன் ராட்ஜர்ஸ், 2023-ல் முதல் ஆட்டத்தின் நாலாவது ஸ்னாப்பிலேயே, அதாவது நாலாவது முறை பந்தை எடுத்தபோதே, குதிகால் தசைநாண் அறுந்தது. டார்னால்ட் ஊர் ஊராகச் சுற்றி, 2024-ல் மினசோட்டாவில் 14-3, பிறகு சியாட்டிலில் மூன்று ஆண்டு, 10.05 கோடி, 2026 பிப்ரவரியில் நியூ இங்கிலாந்தை 29-13 என்று தோற்கடித்து லீக்கின் இறுதிக் கோப்பையான சூப்பர் பவுல். ஐந்து பேரில் அந்தக் கோப்பையை முதலில் தூக்கியவர், எடுத்த அணியே வேண்டாம் என்று அனுப்பிவிட்டவர்களில் ஒருவர்.

இதைப் பார்த்தால் அப்போ யாருக்கும் பெரிய காசு கொடுக்கவே வேண்டாமே என்று தோன்றும். சியாட்டில் அதை நிரூபித்த ஊர் என்றே சொல்வார்கள். 2022-ல் தன் குவார்ட்டர்பேக் ரஸ்ஸல் வில்சனை டென்வருக்குக் கொடுத்து இரண்டு முதல் சுற்று, இரண்டு இரண்டாவது சுற்று, மூன்று வீரர்கள் வாங்கினார்கள், செத்த பணம் 2.6 கோடியை அந்த ஒரே ஆண்டில் விழுங்கினார்கள். அந்த பிக்குகளில் வந்தவர்கள்தான் சார்லஸ் கிராஸ், டெவன் விதர்ஸ்பூன். டென்வர் வில்சன் ஒரு ஆட்டம் ஆடுவதற்கு முன்பே ஐந்து ஆண்டுக்கு 24.5 கோடி எழுதிக் கொடுத்தது, 2022-ல் 5-12, 2024 மார்ச்சில் கழற்றிவிட்டபோது செத்த பணம் மட்டும் 8.5 கோடி.

ஆனால் அங்கே அனுப்பப்பட்டவருக்கு வயது 33. காலில் வேகம் குறையத் தொடங்கியிருந்தது, காலால் பிழைத்த ஆட்டம் அவருடையது, அதைப் பத்து வருடம் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் சியாட்டில்காரர்கள்தான். சொந்த ஆளைப் பற்றி நமக்குத்தான் மற்றவர்களைவிட அதிகம் தெரியும், அந்த அறிவை நம்பி விற்றார்கள். வெறும் காசை மிச்சம் பிடிக்க விற்கவில்லை. இன்னொன்று, வில்சனை அனுப்பிய அன்றே மாற்று குவார்ட்டர்பேக் ஜீனோ ஸ்மித் உள்ளே இருந்தார், பயிற்சியாளர்கள் அவரைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டெட்ராய்ட் மாத்யூ ஸ்டாஃபோர்டை ராம்ஸுக்கு அனுப்பியபோதும் அப்படித்தான், இரண்டு முதல் சுற்று பிக்கோடு ஜாரட் காஃபும் வந்தார். யார் ஆடுவது என்ற இடம் ஒரு ஞாயிறு கூடக் காலியாக இருக்கவில்லை. ராம்ஸ் கோப்பை வாங்கியது, டெட்ராய்ட் காஃபை வைத்து 32 வருடம் கழித்துப் பிளேஆஃபில் ஜெயித்தது, இருவருமே சந்தோஷப்பட்ட டிரேட் அது.

அதனால் நான் பார்க்கும் வழி இது. வயது முப்பதுக்குள், சுற்றி இருப்பவர்கள் மாறினாலும் அணி ஜெயிக்கிறது என்றால் மூன்றாவது சீசன் முடிந்த கோடையிலேயே கொடுத்துவிட வேண்டும், பக்கத்து அணி யாருக்கு எவ்வளவு கொடுக்கிறது என்று பார்த்துக் காத்திருக்கக் கூடாது. சுற்றி எல்லாம் சரியாக இருந்தால்தான் நன்றாக ஆடுகிறார் என்றால், அது கேவலம் இல்லை, நிறையப் பேர் அப்படித்தான், ஆனால் அவருக்கு மூன்று ஆண்டு, 10 கோடி என்கிற டார்னால்ட், மேஃபீல்ட் அளவு விலைதான், அதற்கு மேல் கேட்டால் டிரேட். அவர் போன பின் யார் என்று பெயர் சொல்ல முடியாவிட்டால் டிரேட் பேச்சையே எடுக்கக் கூடாது.

2025 ஜனவரி 19, பஃபலோவில் பனி. நண்பர் வீட்டுக் கீழ்த்தளத்தில் பத்துப் பேர் உட்கார்ந்து பார்த்தோம். ஒரு பக்கம் ஆலன், மறுபக்கம் லமார். லமார் முதல் பாதியில் ஒரு இன்டர்செப்ஷன் கொடுத்தார், ஒரு பந்தைக் கைநழுவ விட்டார், கடைசி ஒன்றரை நிமிடத்தில் ஐசேயா லைக்லிக்கு டச்டவுன் போட்டு 27-25 ஆக்கினார். சமன் செய்ய இரண்டு புள்ளி வேண்டும். பந்து மார்க் ஆண்ட்ரூஸ் கைக்குப் போனது, அவர் கால் வழுக்க, பந்து விரலில் பட்டுக் கீழே விழுந்தது. அறையில் யாரும் பேசவில்லை. நண்பர்தான் முதலில் வாய் திறந்தார்.

"நான் அப்பவே சொன்னேன்ல, ரெண்டு பிக் வாங்கிட்டு அனுப்பியிருக்கணும்."

"சரி, அனுப்பியாச்சு. இன்னைக்கு அந்த இடத்துல யாரை நிறுத்துவீங்க?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "ஹண்ட்லி?" என்றார். 2023 ஜனவரியில், லமார் முழங்காலோடு வீட்டில் இருந்தபோது, சின்சினாட்டியில் 17-17 என்று நிற்கையில் ஒரு யார்டு கோட்டில் மாற்று குவார்ட்டர்பேக் டைலர் ஹண்ட்லி பந்தை நீட்டித் தாண்டப் பார்த்ததும், அது கையைவிட்டுப் போய் எதிரணியின் சாம் ஹப்பர்ட் 98 யார்டு ஓடி டச்டவுன் போட்டதும் அதே அறையில் அதே சோபாவில் உட்கார்ந்து நாங்கள் பார்த்தது. அவருக்கும் அது ஞாபகம் வந்திருக்க வேண்டும். தலையை ஆட்டிக்கொண்டு ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தார்.